ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்: லோடு வண்டி கேள்வி பதில்

மழை விட்டதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துருவைப் பற்றியும், தளத்தில் என்ன விரிப்பது என்பதைப் பற்றியும்தான். நாமக்கல்லில் லோடு பாடி வேலை செய்கிற பட்டறைக்காரன் என்ற முறையில் இந்த இதழில் அவற்றுக்கே பதில் சொல்கிறேன். இன்ஜின், கிளட்ச் சந்தேகங்கள் அடுத்த இதழில்.

கேள்வி: பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். தக்காளிப் பெட்டி இழுத்து இழுத்துத் தளத்தில் பெயின்ட் போய் வரிவரியாகத் துரு தெரிகிறது. பழைய கன்வேயர் பெல்ட் விரிக்கலாமா, புடைப்பு போட்ட இரும்புத் தகடான செக்கர் பிளேட் அடிக்கலாமா, தளத்தில் கெட்டியாகப் பூசுகிற லைனர் கோட்டிங் அடிக்கலாமா? கடைக்குக் கடை ஒன்று சொல்கிறார்கள்.
*ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்*

பதில்: மூன்றிலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எதைப் போடுவதற்கு முன்னாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு அடியில் போகிற தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்? லோடு பாடியைத் தின்பது லோடு இல்லை, தங்குகிற ஈரம். தக்காளிச் சாறு புளிப்பு வேறு. பெயின்ட் உரிந்த இடத்தில் அது மண்ணோடு கலந்து உட்கார்ந்துவிட்டால் வெறும் மழைத் தண்ணீரைவிட வேகமாக இரும்பை அரிக்கும்.

கம்பெனியில் தளத்தகட்டை வரிவரியாக மேடுபள்ளமாக மடித்திருப்பார்கள். பலத்துக்காகச் செய்தது அது. அதே பள்ளம்தான் தண்ணீர் ஓடும் வாய்க்காலும். செக்கர் பிளேட்டைக் கொண்டுவந்து மேலே போட்டு அங்கங்கே வெல்டிங் புள்ளி வைத்துவிட்டால் அந்த வாய்க்கால்களுக்கு மூடி போட்டது மாதிரி ஆகிவிடும். ஓரத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், காயாது. மேலே பிளேட் பளபளவென்று இருக்கும், கீழே அசல் தளம் அப்பளமாகியிருக்கும். அதோடு எடையையும் பாருங்கள். 8 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள தளத்துக்கு 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் அடித்தால் 100 கிலோவைத் தாண்டும். அவ்வளவு தக்காளியை ஒவ்வொரு நடையிலும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம். கல், கட்டுமானக் கம்பி, ஹாலோபிளாக் ஏற்றுகிறவருக்கு செக்கர் பிளேட் வேண்டும். உங்களுக்கு வேண்டாம்.

கன்வேயர் பெல்ட் 10 மில்லிமீட்டர் கனம் என்றால் இதே தளத்துக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ வரும். அடி வாங்கும், கிழியாது, விலையும் கம்மி. ஆனால் அடிப்பக்கம் வழவழவென்று தட்டையாக இருப்பதால் வரிகளின் மேட்டில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஆளால் தூக்கி வெளியே போடவும் முடியாது. தூக்க முடியாத விரிப்பை யாரும் தூக்கிப் பார்ப்பதே இல்லை. அடியில் நடப்பது தெரிவதும் இல்லை.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது இது: தளத்தைச் சுத்தம் செய்து கோட்டிங் அடித்து, அதன் மேல் அடியில் குமிழோ வரியோ உள்ள லேசான ரப்பர் மேட்டை ஒட்டாமல், ஆணி அடிக்காமல் சும்மா விரியுங்கள். வாரம் ஒருநாள் சுருட்டி எடுத்து, தளத்தைக் கழுவி, வெயிலில் காயவிட்டுத் திரும்ப விரிக்க வேண்டும்.

கோட்டிங்கில் காசு போவது பூசுகிற மருந்துக்கு, ஆனால் ஆயுள் இருப்பது அதற்கு முந்தைய வேலையில். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். உள்ளே அரித்த இடம் பொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அந்த இடத்துக்குக் கோட்டிங் கிடையாது, வெட்டி எடுத்துப் புதுத் தகடுதான். மற்ற இடத்தில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். பிரஷ் எட்டாத மூலைகளில், இறுகப் பிடித்த மெல்லிய துருவில் அது நன்றாக வேலை செய்யும். செதில் செதிலாக எழும்பும் துருவின் மேல் அடித்தால் அந்தச் செதிலோடு சேர்ந்து எல்லாம் உரிந்து வரும்.

தேய்த்த இரும்பை அப்படியே ராத்திரி விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே தின்னரில் துடைத்து, இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து நிறுத்தினால் ஈரம் அதன் வழியாக ஊறி உள்ளே போகும். மழை மூடாப்பு போட்ட நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பிரைமர் காய்ந்த பிறகு லைனர் கோட். சூடாக்கி அழுத்தத்தில் அடிக்கிற பாலியூரியா மெஷின் உங்கள் பக்கத்தில் இருந்தால் சிறப்பு. நொடிக்கணக்கில் இறுகிவிடும், ரப்பர் மாதிரி கனமான தோல் கிடைக்கும். இல்லையென்றால் ரோலரில் உருட்டுகிற இரண்டு பாகப் பாலியூரித்தேன் இரண்டு கோட் போதும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பாலியூரியா, பாலியூரித்தேன் இரண்டின் ஹார்டனரிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், வந்தால் ஆயுளுக்கும் போகாமலே இருந்துவிடலாம். கைக்குட்டை கட்டிக்கொண்டு மூடிய ஷெட்டுக்குள் அடிக்கிற பையன்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உங்கள் வண்டிக்கு அடிக்கிற பெயின்டருக்குச் சரியான முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்ப்ரே வேண்டாம், திறந்த வெளியில் ரோலரில் உருட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கேபினுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு மூலையையும் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைக் கோட்டிங் அடைத்திருக்கும். கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணே, டாடா ஏஸில் மீன் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்கிறோம். ஐஸ் தண்ணீர் பட்டுப்பட்டுத் தளம் ஓட்டையாகிவிட்டது. ஜிஐ தகடு வைத்து வெல்டிங் அடித்தோம், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியே மறுபடி ஓட்டை. அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்கிறார்களே, அடித்துவிடலாமா?
*ஒரு மீன் வியாபாரி, நாகப்பட்டினம்*

பதில்: தங்கச்சி, ஜிஐ தகட்டைக் காப்பாற்றுவது அதன் மேல் இருக்கிற துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் அது எரிந்து போய்விடும். ஆக, ஒட்டுப்போட்ட ஓரம்தான் எல்லாவற்றையும்விட பலவீனமான இடம், உப்புத் தண்ணீர் நேரே அங்கேதான் பிடிக்கும். பூச்சு எரியும்போது வருகிற வெள்ளைப் புகையும் வெல்டருக்குக் கெடுதல், ராத்திரி காய்ச்சலும் குளிரும் வரலாம்.

அலுமினியத்தை இரும்பின் மேல் நேராக ரிவெட் அடித்தால் கதை வேறு மாதிரி ஆகும். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது பேட்டரி போல வேலை செய்யத் தொடங்கிவிடும். அதில் கரைவது அலுமினியம். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, ஓட்டை பெரிதாகி, தகடு ஆட ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் அடித்தாலும் இதே கணக்குத்தான், அங்கே கரைவது உங்கள் இரும்புத் தளம். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் இடையில் ரப்பர் ஷீட் கொடுத்து, போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போட்டு, 304 கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 202 கிரேடு பார்க்க அப்படியேதான் இருக்கும். காந்தம் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. உப்பில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விட்டுவிடும்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி ஊரிலேயே இருக்கிறது. ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் போங்கள். தளத்தின் அளவுக்கு, நான்கு பக்கமும் ஒரு ஜாண் உயரம் எழும்புகிற மாதிரி, ஒரே துண்டாக ஃபைபர் தட்டு ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். தளத்தகட்டின் மேல் நேராக ஃபைபர் பூச வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். படகுக்குப் பயன்படுத்துகிற பாலியஸ்டர் ரெசின் இரும்பில் சரியாக ஒட்டாது. கொஞ்ச நாளில் ஓரம் எழும்பி, உப்புத் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். தனித் தட்டாக இருந்தால் கழற்றி இறக்கலாம், கழுவலாம், அடுத்த வண்டிக்கும் மாற்றலாம்.

தட்டின் பின்மூலையில் ஒரு வடிகால் வையுங்கள். அதிலிருந்து ஒரு ஹோஸ் மாட்டிப் பின்னால் கேனில் விடுங்கள். மீன் தண்ணீர் ரோட்டில் ஒழுகினால் பின்னால் வருகிற டூவீலர்காரர் வழுக்குவார், ஊரும் நாறும். அந்தத் தண்ணீர் பட்டை (வண்டியைத் தாங்குகிற லீஃப் ஸ்பிரிங்), ஆக்சில், பிரேக் பைப் மேல் விழாமல் இருப்பதுதான் முக்கியம். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரமாக ஓடுகிற அந்தச் சின்ன பிரேக் பைப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். தளத்தில் ஓட்டை விழுந்தால் மீன் விழும், பிரேக் பைப்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தட்டு செய்யக் கொடுப்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் போய் அந்தப் பைப்பை முழு நீளத்துக்கும் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொரிந்திருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள். தினம் வியாபாரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். மேலே மட்டும் கழுவினால் உப்பு கீழே இறங்கி உட்காரும்.

கேள்வி: புதிதாக இசுஸு வி-கிராஸ் எடுத்திருக்கிறேன். அக்சஸரி கடையில் அப்படியே எடுத்து உட்கார வைக்கிற பிளாஸ்டிக் லைனர் தருகிறார்கள். ஸ்ப்ரே கோட்டிங் அதற்கு இரண்டு மடங்கு சொல்கிறார்கள். எது?
*ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: ஸ்ப்ரே. புது வண்டியாக இருக்கும்போதே அடித்துவிடுங்கள், துரு தேய்க்கிற வேலை மிச்சம். பிளாஸ்டிக் லைனர் வண்டி ஓடும்போது அசைந்துகொண்டே இருக்கும். நடுவில் மணல் புகுந்து உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கும், அந்த இடத்தில் ஈரமும் நிற்கும். பிளாஸ்டிக்கில் சாமான் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது இன்னொன்று. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கழற்றி அடியைக் கழுவுங்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது கொக்கிகளின் மரை, வடிகால் அடைப்பான், டெயில்கேட் கீல் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். மலிவான கறுப்பு கோட்டிங் நம்மூர் வெயிலில் சாம்பல் பூக்கும். மேலே வெயில் தாங்குகிற டாப் கோட் ஒன்று கேளுங்கள்.

கேள்வி: 1.25 டன் தோஸ்த் லோடு வண்டி வைத்திருக்கிறேன். எம்.சாண்ட் அரை யூனிட் ஏற்றினால் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பட்டை சேர்த்துக் கட்டினால் தாங்குமா?
*ஒரு வண்டி உரிமையாளர், ராசிபுரம்*

பதில்: பட்டை தாங்கும் தம்பி. மற்றதெல்லாம் தாங்குமா என்று பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்.சாண்ட் ஒரு யூனிட் 4 டன்னுக்கு மேல் போகும், நனைந்திருந்தால் இன்னும் கூடும். அரை யூனிட் என்றால் 2 டன்னுக்கு மேல். உங்கள் வண்டிக்கு எழுதிக் கொடுத்தது 1.25. பட்டை சேர்த்தால் ஆக்சில் பெரிதாகாது, டயர் பெரிதாகாது, பிரேக்கும் பெரிதாகாது. பின்னால் உட்காராமல் இருப்பதால் ஓவர்லோடு என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பியோடு வால்வு ஒன்று இருக்கும். பாடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடைக் கணக்கிட்டுப் பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பட்டை சேர்த்துப் பாடியை உயர்த்திவிட்டால், 2 டன் இருக்கும்போதும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக் குறையும். கொல்லிமலை இறக்கத்தில் அப்படி ஒரு வண்டியை நினைத்துப் பாருங்கள்.

பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கால் யூனிட் ஏற்றி இரண்டு நடை அடியுங்கள், அல்லது இந்த வேலைக்கு உரிய வண்டியைக் கூப்பிடுங்கள்.

நியாயமான லோடுக்கே வண்டி உட்கார்ந்தால் அது வேறு விஷயம். பட்டை வளைவு தளர்ந்திருக்கும். கழற்றி அடித்து வளைவு ஏற்றலாம், இல்லை புது செட் மாற்றலாம். பட்டையைப் பிடித்து வைக்கிற யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் மூன்றையும் கூடவே புதிதாகப் போடுங்கள். கழற்றிய யூ போல்ட்டையே திரும்ப முறுக்குவது நல்லதில்லை, அது ஏற்கெனவே இழுபட்டது. லோடோடு கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி பட்டறைக்கு வந்து முறுக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு குட்டி யானை (டாடா ஏஸ்) ஓட்டலாமா? பேட்ஜ் வேண்டாமா?
*ஒரு வாசகி, தேனி*

பதில்: ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. மொத்த எடை என்பது வண்டியும் லோடும் சேர்ந்தது. குட்டி யானை அதில் பாதிகூட வராது.

கேள்வி: திருவிழாவுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக பின்பாடியில் ரப்பர் மேட் விரித்து இரண்டு பக்கமும் பலகை பெஞ்ச் அடித்துத் தர முடியுமா?
*ஒரு வாசகர், அரியலூர்*

பதில்: என் பட்டறையில் செய்து தர மாட்டேன், வேறு யாரிடமும் கேட்காதீர்கள் என்றும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சைடு டோர் மூட்டை சரியாமல் இருக்கச் செய்த உயரம். ஆள் உட்கார்ந்தால் இடுப்புக்குக்கூட வராது. ஒரு திருப்பத்தில் எல்லோருடைய எடையும் ஒரே பக்கம் சாயும், மூட்டை மாதிரி கட்டி வைக்கவும் முடியாது. சரக்கு வண்டி இன்ஷூரன்ஸ் பின்னால் ஏறிய சொந்தக்காரர்களுக்குப் பொருந்தாது. நஷ்டஈடு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். எல்லோரும் பங்கு போட்டு வேன் பிடியுங்கள்.

கேள்வி: சேஸிஸ் துருப்பிடிக்காமல் இருக்க வேஸ்ட் ஆயில் அடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அடிக்கிறார்கள். சரியா?
*ஒரு டிரைவர், தம்மம்பட்டி*

பதில்: வேண்டாம். ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊதிப்போய் இளகிவிடும், பிரேக் ஹோஸுக்கும் கெடுதல். தூசியைப் பிடித்துத் தார் மாதிரி அப்பிக்கொள்ளும், அடியில் விரிசல் இருந்தாலும் தெரியாது. ஒழுகுவது எல்லாம் மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகிறது. கழுவிக் காயவைத்து, துரு தெரிகிற இடத்தைத் தேய்த்து பிரைமரும் சேஸிஸ் பிளாக் பெயின்ட்டும் அடியுங்கள். சைலன்சர் பக்கம் எதையும் பூசாதீர்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பிக்கப் பார்க்கிறேன். பாடி புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளே கறுப்பாக லைனர் அடித்து வைத்திருக்கிறார்கள். நம்பி எடுக்கலாமா?
*ஒரு இளைஞர், பண்ருட்டி*

பதில்: விற்பதற்கு முன்னால் அடித்த லைனர் என்றால் நான் சந்தேகப்படுவேன். கோட்டிங் அசல் தளத்தைக் காக்கவும் அடிக்கலாம், அழுகலை மறைக்கவும் அடிக்கலாம். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். கார்ட்போர்டு ஒன்றை விரித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தளத்தகட்டின் கீழ்ப்பக்கத்தையும், அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள். மேலே அடித்த மருந்து கீழே ஓட்டை வழியாகச் சொட்டி உறைந்திருந்தால் அங்கே தகடு போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சட்டமும் தளமும் சேரும் இடத்தில் விரலால் தேயுங்கள். கையில் பழுப்புத் தூள் வரலாம், செதில் வரக் கூடாது.

அப்புறம் சேஸிஸ். பின்பட்டை மாட்டுகிற இடத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் ஓவர்லோடில் உடைந்து ஒட்டிய வண்டி, விட்டுவிடுங்கள். பட்டைகளை எண்ணுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா, கம்பெனி கொடுத்ததைவிட அதிகமா என்று பாருங்கள். பின் டயர் உள்பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சிலைச் சந்தேகப்படுங்கள்.

பேப்பரில் எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்று பாருங்கள். 8 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில் வரும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் ரத்து செய்த கடிதம் கையில் வந்த பிறகுதான் பணம். நிலுவையில் உள்ள இ-சலானையும் பார்த்துவிடுங்கள்.

எடுத்த பிறகு பாடியில் எந்த வெல்டிங் வேலை செய்தாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், குறிப்பாக 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியாக இருந்தால். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் வேறு வழி தேடிப் போய், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யு.வை எரித்துவிடலாம். அதை மாற்றுகிற காசுக்கு முழுத் தளமும் புதிதாக அடித்துவிடலாம்.